இரண்டு பேருக்குப் பூட்டிய செயின்

மோட்டார் சைக்கிளில் செயின் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்று சரியாகப் பார்க்க, வண்டி மேல் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும். அமுங்கினால் செயின் இறுகும். ஆளில்லாமல் பார்த்து முடுக்கிவிட்டால், பிறகு ஏறி உட்காரும்போது அது கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும். சரி, நாமே உட்கார்ந்துகொண்டு குனிந்து பார்த்துக்கொள்ளலாமே என்றால், அது நடக்கிற காரியம் இல்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன். கல்கத்தாவில், டாக்குரியாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வண்டியோடு சாய்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டுப் பெரியம்மா, இந்த ஊர் வழக்கில் மாசிமா, காய்கறிப் பையோடு வந்தவர் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "அதற்கு இன்னொரு ஆள் வேண்டாமா?" என்று வங்க மொழியில் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எதைப் பார்த்துக் கேட்டாரோ தெரியாது. நான் செயினைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்திய அரசு உத்தியோகம். மாற்றல் வந்தது, கல்கத்தாவுக்கு வந்தேன். என் மனைவி மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. அவளுக்கும் மாற்றல் உத்தியோகம்தான், ஆனால் அவளுடைய மாற்றல் வேறு காற்றில் அடிக்கும். பிள்ளைகள் இல்லை. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை பார்க்கக் கேட்டு வாங்கலாம் என்று எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒரு விதி இருக்கிறது. ஸ்பௌஸ் கிரவுண்ட் என்போம். கல்யாணமான புதிதில் இரண்டு முறை அதை வைத்துச் சேர்ந்தோம். இந்த முறை, "போய்ப் பாருங்க, ஊர் எப்படின்னு சொல்லுங்க, அப்பறம் கேக்கறேன்" என்றாள். நான் போய்ப் பார்த்து, ஊர் எப்படி என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனிதர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைகள் என்றால் எனக்கு உயிர். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம், காதில் விழுந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். இந்த ஊரில் பஸ் கண்டக்டர்கள், கூட்டத்தை உள்ளே தள்ள, "பின்பக்கமாக முன்னேறுங்கள்" என்று கத்துவார்கள். அதை முதல்முறை கேட்ட அன்று ராத்திரி போனில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து அவளுடைய அம்மா என்ன ஏது என்று கேட்டது எனக்குக் கேட்டது. டீக்கடைக்காரர் சூடான மண்குவளையை நீட்டி, "ஊதிக் குடிங்க, எனக்கு அவசரமில்லை, உங்களுக்கும் இல்லைன்னு தெரியும்" என்றதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள். அப்புறம் ஏதோ ஒரு மாதத்தில், நான் இப்படி ஒன்றைச் சொல்லி முடித்தபோது, "ம்" என்றாள். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது. வங்கியில் ஆள் குறைவு, அம்மாவுக்கு முட்டிவலி, வீட்டுக்கு வரும்போதே ஏழரை எட்டு. பேச்சு, "சாப்பிட்டாச்சா", "ஆச்சு", "மழையா", "இல்ல" என்று சுருங்கியது. எனக்குச் சேர்ந்த வார்த்தைகளைக் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. ஆபீசில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் சுவரும் மின்விசிறியும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் வரை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பால்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் தாண்டிச் சும்மா போனேன். புதிய நகரம் ஒன்று வரப்போகிறது என்று சாலையை மட்டும் முதலில் போட்டு வைத்திருந்தார்கள். வீடு இல்லை, கடை இல்லை, விளக்குக் கம்பங்கள் மட்டும் நின்றன. அங்கே நாலைந்து பேர் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் வீலிங் விடுவது என்போமே, அதுதான். எல்லோரும் இருபத்தைந்துக்குள், ஒருவரைத் தவிர. அவர் என் வயது. காளிகாட் பக்கம் மிட்டாய்க்கடை வைத்திருப்பவர், கடைக்கு ஏற்ற உடம்பு. ஹெல்மெட், முழங்கால் பட்டை, முழங்கை பட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, கட்டி எடுத்துப் போகப் போகிற சாமான் மாதிரி நின்றார்.

"என்ன ஊர்?" என்றார்.

"தமிழ்நாடு."

"ஆன்னாவா? வாங்க ஆன்னா, உங்க சினிமாவில் வண்டி தானாகவே பறக்குமே, இங்கே நாங்கள் எரிபொருள் போட்டுத்தான் பறக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம் அண்ணா அவர்கள் வாயில் ஆன்னா. அதிலிருந்து நான் அவர்களுக்கு ஆன்னா. அவரை நான் தாதா என்பேன். இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேசுவது பாதி வங்க மொழி, பாதி இந்தி. எனக்குப் புரிந்த தமிழில் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போக ஆரம்பித்தேன். போய் நின்று பார்ப்பேன், டீ வாங்கித் தருவேன். ஆனால் நின்று பார்க்கிற ஆளுக்கு ஒரு அளவுதான் இடம். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பையன்கள் என் பக்கம் திரும்பாமலே பேசினார்கள். தாதாதான் சொன்னார்: "உங்க வண்டி பால்காரன் வண்டி மாதிரி இருக்கு. ஒரு பல்லாவது மாத்துங்க, அது எழும்பட்டும்."

பல் என்றது ஸ்பிராக்கெட்டின் பல்லை. எஞ்சினிலிருந்து வரும் செயின், பின்சக்கரத்தில் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி ஓடுகிறது. அந்தப் பல்சக்கரம் பெரிதானால் வண்டிக்கு இழுப்பு அதிகம், ஓட்டம் குறைவு. முதல் கியரில் முறுக்கினால் பின்னால் யாரோ தள்ளிவிட்ட மாதிரி பாயும், முன்பக்கம் லேசாகும். என் வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்தது நாற்பத்திரண்டு பல். கரியாஹாட் சந்துக்குள் இருக்கும் மெக்கானிக் நாற்பத்தேழு பல் சக்கரம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டார். அதே நீளச் செயின் பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால், பின்சக்கரத்தையே ஒரு விரல் அகலம் முன்னால் தள்ளி வைத்தார். ஒரு விரல் அகலம்தான், ஆனால் வண்டி குட்டையாகிவிட்டது. எழும்புவதற்குக் குட்டை நல்லது. நேராக ஓடுவதற்கு நல்லதில்லை. பைபாசில் லாரி தாண்டிப் போனால் கைப்பிடி நடுங்கும்.

"ஒரு விஷயம் ஆன்னா," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே. "தனியா ஓட்டுங்க. பின்னாடி யாரையாவது ஏத்திட்டு சிக்னல்ல முறுக்கினீங்கன்னா, அவங்க கனத்துக்கு முன்சக்கரம் எழுந்து நின்னு கும்பிடும்."

"எனக்குப் பின்னாடி உக்கார ஆள் இல்ல," என்றேன்.

"அப்போ கவலையில்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

முதல்முறை எழும்பிய ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனையோ முறை பயந்து முறுக்கை விட்டுவிட்டேன். தாதா பக்கத்தில் ஓடி வந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "வலது காலைப் பின் பிரேக்கிலேயே வைங்க. அதிகமாப் போனா தொடுங்க, எறங்கிரும். வானம் வேற எங்கயும் போகாது, நிதானமாப் பாருங்க." முறுக்கினேன். சாலை கண்ணிலிருந்து கீழே நழுவியது, மேகம் தெரிந்தது, எஞ்சின் சத்தம் மாறியது. ஒரு மூச்சு நேரம் இருக்குமா? பின் பிரேக்கைத் தொட்டேன், சக்கரம் தரைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். ஒரு பையன் முதுகில் ஓங்கி அடித்தான். இந்த ஊரில் ஒரு மனிதக் கை பிரியமாக என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது தோன்றியது. போனில் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உள்ளே இருந்தது.

ஆவணி கடைசியில் அவளே ஒரு ராத்திரி, சாப்பிட்டாச்சா கேட்காமல் ஆரம்பித்தாள்.

"என்னங்க, எங்க ஆபீஸ்ல விருப்பம் கேட்டிருக்காங்க. கல்கத்தா கேக்கறதுன்னா இப்பக் கேக்கணும். இல்லன்னா இன்னும் மூணு வருஷம் இங்கேயேதான். ஒரு வாரம் லீவு போட்டு வந்து ஊரப் பாத்துட்டு முடிவு சொல்லிர்றேன்."

"வா," என்றேன்.

"வண்டி இருக்குல்ல? பழைய மாதிரி சுத்துவோம். டாக்சியில எல்லாம் ஏத்தாதீங்க என்னைய."

பழைய மாதிரி என்றால், கல்யாணமான புதிதில் வேறொரு ஊரில் இதே வண்டியில் சுற்றியது. அப்போது வண்டியின் பின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். அவள் என் இடது தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, காதில் ஊரில் உள்ளவர்கள் கதையெல்லாம் பேசிக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டையில் அந்த இடம் மட்டும் கசங்கியிருக்கும்.

போனை வைத்த பிறகுதான் மெக்கானிக் சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த வண்டியில் அவளை ஏற்றக் கூடாது. பழைய பல்சக்கரத்தைத் திரும்பப் போட வேண்டும். அதற்கு மேல், ஆடாமல் அசையாமல் ஓட, இரண்டு கண்ணி நீளமான செயின் ஒன்று வாங்கிப் பின்சக்கரத்தை எவ்வளவு பின்னால் போகுமோ அவ்வளவு பின்னால் இழுத்து வைக்க வேண்டும். செயினை அடுத்த நாளே வாங்கிவிட்டேன். மாட்டுவதை மட்டும் அவள் வருவதற்கு முந்தின நாளுக்குத் தள்ளினேன். இடையில் ஒரு ஞாயிறு இருந்ததே, அதை விட மனசில்லை.

முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, பழைய பல்சக்கரத்தையும் புதுச் செயினையும் பையில் போட்டுக்கொண்டு கரியாஹாட் போனேன். சந்து திரும்பும்போதே ஒலிபெருக்கி. பட்டறை வாசலில் பந்தல். உள்ளே யானை மேல் விஸ்வகர்மா. மெக்கானிக் குளித்து, மடிப்புக் கலையாத ஜிப்பாவில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஸ்பானர், சுத்தி, திருப்புளி எல்லாம் கழுவித் துடைத்து, சாமி காலடியில் சாமந்திப் பூவுக்குள் படுத்திருந்தன.

நமக்கு ஆயுத பூஜை என்றால் நவராத்திரி முடிவில்தான். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. இங்கே இரும்பைத் தொட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அந்த நாள் புரட்டாசி பிறக்கும்போதே வந்துவிடுகிறது. முந்தைய வருடங்களில் இதே நாளில் ஆபீசில் கைக்கு வந்த இனிப்பைச் சாப்பிட்டிருக்கிறேன், எதற்கு என்று கேட்டதில்லை.

"ஆன்னா, சரியான நேரத்துக்கு வந்தீங்க, கிச்சுடி ஆகுது," என்றார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னிக்கா? கல்கத்தா முழுக்கத் தேடினாலும் இன்னிக்கு ஒருத்தன் ஸ்பானர் தொட மாட்டான்."

"நாளைக்குக் காலையில என் மனைவி வர்றா."

"நாளைக்கு மத்தியானம் போடறேன்."

"ஒரு பெரிய ஸ்பானர் மட்டும் குடுங்க, நானே மாட்டிக்கறேன். எங்களுக்கு ஆயுத பூஜை அடுத்த மாசம்தான்."

அவர் சாமியைக் காட்டினார். "எல்லாம் அவர்கிட்ட இருக்கு. கேட்டுப் பாருங்க. குடுத்தாருன்னா எடுத்துக்கோங்க, நான் தடுக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோபமாக வந்தது, ஆனால் அவர் தையல் இலையில் கிச்சுடி வைத்துக் கையில் கொடுத்தபோது நின்று சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திப் படுதாவை விரித்தேன். எனக்கென்று ஒரு சின்ன ஸ்பானர் செட் இருந்தது. வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்ட வித்தைதான் எல்லாம். பின் அச்சின் நட்டு அசையவே இல்லை. மேலே மொட்டை மாடிகளிலெல்லாம் பட்டம். யாராவது ஒருவர் பட்டத்தை அறுத்தால் தெரு முழுக்க "போ காட்டா" என்று கத்துகிறார்கள். நான் கீழே நட்டோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் தாதாவுக்குப் போன் போட்டேன்.

அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார், ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய்.

"நானும் இன்னிக்குத் தொட மாட்டேன் ஆன்னா, என் வண்டிக்கும் மாலை போட்டாச்சு. ஆனா இது கடைப் பந்தல் குழாய். குழாய் ஆயுதத்தில் சேராது."

ஸ்பானரை நான் நட்டில் மாட்டிப் பிடித்துக்கொள்ள, அவர் ஸ்பானரின் பிடி மேல் குழாயைச் சொருகினார்.

"நான் குழாயைத்தான் தள்றேன். ஸ்பானரத் தொடல. சாமி கேட்டா நீங்க சாட்சி."

நட்டு ஒரு முனகலோடு விட்டது. மேலே யாரோ போ காட்டா என்றார்கள், எங்களுக்குச் சொன்ன மாதிரி. அதற்குப் பிறகு அவர் படியில் உட்கார்ந்து இனிப்பைத் தின்றபடி பேச்சுத் துணையாக இருந்தார். பெரிய பல்சக்கரத்தைக் கழற்றினேன், பழையதைப் பூட்டினேன், நீளச் செயினைப் போட்டேன், சக்கரத்தைக் கடைசி வரை பின்னால் இழுத்தேன். பிரேக் கம்பியைச் சக்கரம் போன தூரத்துக்குச் சரி செய்தேன். ஸ்பிரிங் இரண்டையும் இரண்டு பேர் கனத்துக்கு இறுக்கி வைத்தேன். வண்டி நீளமாக, சாதுவாக நின்றது.

"தாதா, ஏறி உக்காருங்க. தொய்வு பாக்கணும்."

நான் கீழே, அவர் மேலே. பின்பக்கம் அமுங்கியது. செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன்.

"என்னை வச்சுப் பாக்கறீங்களே, பௌதி இவ்வளவு கனமா?" என்றார். அண்ணன் மனைவியை இங்கே பௌதி என்பார்கள்.

"இல்ல, உங்கள்ல பாதிதான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். செயினைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. போன வருடம் பொங்கலுக்குப் பார்த்தது. இளைத்திருக்கிறாளா, பெருத்திருக்கிறாளா? போன் முகத்தை மட்டும்தானே காட்டும், அதுவும் இப்போதெல்லாம் குரல் மட்டும்தான். பாதியில் கொஞ்சம் கூட்டி, ஒரு உத்தேசத்தில் முடுக்கினேன்.

மறுநாள் ஹவுராவில் இறங்கினாள். மூட்டை முடிச்சோடு அவளை டாக்சியில்தான் கூட்டி வர வேண்டியிருந்தது. இளைத்துத்தான் இருந்தாள். சாயங்காலம் வண்டியை எடுத்தேன். சுடிதாரில் இருபக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி கொஞ்சம்தான் அமுங்கியது. கரியாஹாட்டில் துர்கா பூஜைக்குத் துணி வாங்கும் கூட்டம், கால் வைக்க இடமில்லை. மூங்கில் கட்டி நிற்கும் பந்தல்களைக் காட்டினேன். காளிகாட் வழியாகச் சுற்றிக்கொண்டு பைபாசுக்குப் போனோம். லாரிகள் தாண்டின. கைப்பிடி ஒரு நூல் அசையவில்லை. நான் செய்த வேலையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"வண்டி நல்லா ஸ்டெடியா இருக்குங்க," என்றாள். "பஸ்ல போற மாதிரி இருக்கு."

அப்போதுதான் கவனித்தேன். தோளில் கை இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கை பின்னால் கம்பியில், ஒரு கையில் போன். வங்கியிலிருந்து ஏதோ கேட்டிருந்தார்கள், பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியத்தை நான்தான் ஒவ்வொரு நட்டாக எடுத்திருந்தேன். திரும்பி வரும்போது டாக்குரியா பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த பள்ளம். ஒதுங்கிப் போயிருக்கலாம். ஒதுங்கவில்லை. புதிதாக இறுக்கிய ஸ்பிரிங், நீண்ட வண்டி, எல்லாம் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. பின்னாலிருந்து ஒரு "ம்" வந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தாதா விடவில்லை, பௌதியைக் கூட்டிக்கொண்டு வந்தே ஆக வேண்டும் என்றார். போனோம். அவளை உட்கார வைக்க ஒருவன் தன் சட்டையைக் கழற்றிக் கல்லில் விரித்தான். தாதா சந்தேஷ் இனிப்புப் பெட்டியைப் பிரித்தார். எல்லோரும் அவளிடம் ஒரே நேரத்தில் பேசினார்கள், இந்தியில், ஆங்கிலத்தில், கையில்.

"பௌதி, ஆன்னா ஒத்தைச் சக்கரத்தில் போவாரே, சொன்னாரா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பையன் போனை எடுத்து வீடியோவைக் காட்டினான். அன்று எடுத்தது. எடுத்தான் என்றே எனக்குத் தெரியாது. நான் முன்சக்கரத்தை இறக்குகிறேன், எல்லோரும் ஓடி வருகிறார்கள், முதுகில் அடி விழுகிறது, நான் ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரிக்கிறேன். பல் முழுக்கத் தெரிகிறது. அவள் முடிந்ததும் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லவே இல்லையே நீங்க."

"பயப்படுவேன்னு..."

"விழுந்தா யாரு பாப்பாங்கன்னு கேட்டிருப்பேன். இப்பத் தெரியுதே, இத்தன பேர் ஓடி வர்றாங்க." சந்தேஷைப் பாதியாகப் பிட்டு எனக்குக் கொடுத்தாள். "நல்லாச் சிரிக்கிறீங்க அதுல."

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தோம். படகுக்காரர்கள் துடுப்புப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் தோள் ஏறி இறங்கும் விதத்திலிருந்தே தெரிந்துவிட்டது, சொல்லப் போகிறாள் என்று.

"ஒண்ணு சொல்றேங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க கேட்டு வாங்கிட்டு வந்துரணும்னு நெனச்சதே, நீங்க ஒத்தையில கெடக்கீங்களேன்னுதான். போன்ல உங்க குரலக் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. வந்து பாத்தா, உங்களுக்குன்னு ஆளுக இருக்காங்க. மனசு லேசாயிருச்சு. அம்மாவ இந்த முட்டியோட ரெண்டு நாள் ரயில்ல எப்படிக் கூட்டியாறது, அங்க விட்டுட்டு எப்படி வாறது, அதுதான் ராத்திரி பூரா ஓடிக்கிட்டிருந்துச்சு. இந்த மூணு வருஷம் அங்கேயே இருந்துர்றேன். உங்களுக்குப் பழகிருச்சுல்ல?"

ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம்தான் அந்த ஆட்கள், மிச்ச வாரம் முழுக்க சுவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளாகத் தலையில் இருந்ததை இறக்கி வைத்த முகம் அது. அதைத் திரும்பத் தூக்கி வைக்க எனக்குக் கை வரவில்லை.

"பழகிருச்சு," என்றேன். "டீ குடிப்போமா?"

அவளை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு வந்த ஞாயிறு, சாலைக்குப் போனேன். முறுக்கினேன். நீண்ட வண்டி, சின்ன பல்சக்கரம், எங்கே எழும்பும்? சாதுவாக நேராகப் போய்க்கொண்டே இருந்தது. தாதா பக்கத்தில் வந்து நின்றார்.

"பெரிய பல்சக்கரத்தைத் திரும்பப் போட்டுடலாமா?"

"அடுத்த தடவ வர்றப்ப மறுபடி மாத்தணுமே."

"எப்போ வர்றாங்க?"

"தெரியல தாதா."

அவர் பின்சீட்டை அமுக்கிப் பார்த்தார். "அந்த ஸ்பிரிங்கையாவது தளர்த்துங்க. ரெண்டு ஆள் கனத்துக்கு வச்சிருக்கீங்க, ஒத்தை ஆளாப் போனா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

அது உண்மை. இரண்டு பேருக்கு இறுக்கிய ஸ்பிரிங், ஒருத்தன் கனத்துக்கு இறங்கிக் கொடுக்காது. ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசும். அவள் இருந்தபோது விழுங்கிய அதே டாக்குரியாப் பள்ளம், இப்போது பல்லைக் கிட்டிக்க வைக்கிறது. ஒரே ஒரு ஸ்பானர், கால் மணி நேர வேலை. வேலையில்லாத சாயங்காலங்கள் நிறையவே இருந்தன. இருந்தும் தளர்த்தவில்லை.

நவமி வந்தது. தெருவெல்லாம் தாக் மேளம், சாம்பிராணிப் புகை, புதுத் துணி. கீழ்த்தளத்தில் நான் மட்டும் வண்டியைக் கழுவித் துடைத்தேன். விளக்கு மேலும் கைப்பிடி மேலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். ஸ்பானர் செட்டைக் கழுவி வாழையிலையில் அடுக்கி, பெரிய பல்சக்கரத்தையும் எண்ணெய் துடைத்துப் பக்கத்தில் வைத்துப் பொட்டு வைத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். சூடம் காட்டும்போது மாசிமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உங்க விஸ்வகர்மா லேட்டாத்தான் வருவாரோ?" என்றார். ஒரு தட்டில் நார்கேல் நாரு, நம் தேங்காய் உருண்டைதான், வைத்துக் கொடுத்தார்.

போன் அடித்தது.

"வண்டிக்குப் பொட்டு வச்சீங்களா?"

"வச்சாச்சு."

"எலுமிச்சம்பழம்?"

"ம், வச்சிருக்கேன்."

"வண்டி எப்படி இருக்கு? அந்தப் பையங்க சொன்ன பெரிய சக்கரத்த மறுபடி போட்டாச்சா?"

"இல்ல, அப்படியேதான் இருக்கு."

அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்டது தூரத்தில் கேட்டது. "பாத்து ஓட்டுங்க," என்றாள். "அங்க மேளம் அடிக்கறது இங்க வரைக்கும் கேக்குது."

போனை வைத்த பிறகு வண்டியில் ஏறினேன். எலுமிச்சம்பழங்கள் ஒன்றன் பின் ஒன்றாக நசுங்கின. பூஜை போட்ட வண்டியை ஒரு சுற்றாவது ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும், அது வழக்கம். தெருமுனைப் பந்தல் வரை போனேன். திரும்பும் இடத்தில் வேகத்தடை இருந்தது. மெதுவாகத்தான் ஏறினேன். இருந்தும் தூக்கிப் போட்டது. பின்சீட்டுக் கம்பி கிணுகிணுத்தது. ஸ்பானர் எல்லாம் இலையில், சந்தனத்தோடு படுத்திருக்கின்றன. இன்று தொடக்கூடாது.